தோட்டப் பாடசாலையும் தூரத்து வகுப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பிக்கிறேன். சில வருடங்களாக எங்கள் தரம் 7, 8 பிள்ளைகள் வேறு ஊர்களிலும் வேறு நாடுகளிலும் இருக்கிற வகுப்புகளோடு சேர்ந்து வேலை செய்து வருகிறார்கள். பெற்றோர் கூட்டத்திலும் ஆசிரியர் பயிற்சிகளிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்படுகிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வகுப்புகளை இணையத்தில் இணைப்பது என்றால் என்ன? ஸூமில் கையசைத்துக்கொள்வதா?

கையசைப்பு ஒரு அறிமுகம், அவ்வளவுதான். இரண்டு வகுப்புகள் ஒரே வேலையைப் பங்கிட்டுச் செய்வதுதான் விஷயம். நம் பக்கத்துப் பாதி இல்லாமல் அவர்களுடைய வேலை முடியக்கூடாது, அவர்களுடைய பாதி இல்லாமல் நம்முடையதும் முடியக்கூடாது. இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் ஒழுங்காக அமையும்.

யோசனை இணையத்தை விடப் பழையது. 1920களில் பிரான்ஸ் நாட்டுக் கிராம ஆசிரியர் செலஸ்தான் ஃப்ரெனே தன் வகுப்பில் ஒரு சின்ன அச்சு இயந்திரம் வைத்திருந்தார். பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி எழுதி, தாங்களே அச்சடித்து, நாட்டின் மறுகோடியில் இருந்த இன்னொரு பள்ளிக்குத் தபாலில் அனுப்பினார்கள். 1988இல் நியூயோர்க் பள்ளிகளையும் மொஸ்கோ பள்ளிகளையும் கணினி வழியாக இணைத்த முயற்சியிலிருந்து பிறந்ததுதான் ஐயேர்ன் (iEARN) என்ற அமைப்பு. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் அதன் ஆசிரியர்கள் இருக்கிறார்கள்.

எங்கள் டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) சிக்னலே கிடையாது. எங்களால் எப்படி முடியும்?

முடியும். ஆனால் நேரடி வீடியோ அழைப்பை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

முதல் வருடம் நான் போட்டேன். பிள்ளைகள் சீருடையை ஸ்திரிக்கை போட்டு, தலையில் எண்ணெய் வைத்து வந்திருந்தார்கள். ஒரே மடிக்கணினியைச் சுற்றி முப்பத்தாறு பேர். எதிர்ப்பக்கத்து ஆசிரியை "வணக்கம்" என்று சொல்லப் பழகி வந்து வாயைத் திறந்தார். படம் அப்படியே நின்றது. பிறகு கரண்டும் போனது. அவர்கள் இருபது நிமிடம் காத்திருந்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்கள். எங்கள் பிள்ளைகள் ஒருவரும் பேசாமல் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு, இறங்கிப் போனதை இன்னும் மறக்க முடியவில்லை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு சிக்னல் தேடி மேட்டுக்கும் பாறைக்கும் ஏறிய பிள்ளைகள் இவர்கள். இணையம் தங்களுக்கு உரியதல்ல என்ற நினைப்பை நாமே இன்னொரு முறை அவர்கள் மனதில் ஏற்றக்கூடாது.

அதன்பிறகு நாங்கள் செய்வது "வெள்ளிக்கிழமைத் தபால்". வாரம் முழுவதும் பிள்ளைகள் தாளில் எழுதுவார்கள், வரைவார்கள், அளந்ததை அட்டவணையில் போடுவார்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் என் போனில் அவற்றைப் படம் எடுப்போம். இரண்டு பிள்ளைகள் குரல்பதிவு பேசுவார்கள். நான் டவுனுக்கு இறங்கியதும் எல்லாவற்றையும் அனுப்பிவிடுவேன். பதில் வருகிற அன்று அச்செடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டுவோம். ஒரு வீடியோ அழைப்புக்குப் போகிற டேட்டாவில் ஒரு தவணை முழுவதற்குமான குரல்பதிவை அனுப்பலாம். காத்திருக்கிற அந்த ஒரு வாரத்தில் பிள்ளைகள் பேசிக்கொள்வதும், இப்படித்தான் பதில் வரும் என்று ஊகிப்பதும் கூடப் படிப்புத்தான்.

நேரடிப் பேச்சு வேண்டுமென்றால் கடைசியில் ஒரு முறை வையுங்கள். அது நடக்காமல் போனாலும் வேலை முடிந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வராதே?

தமிழிலேயே செய்யலாம் என்பது ஏனோ பலருக்குத் தோன்றுவதில்லை. மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல, இறப்பர்த் தோட்டங்களில் தொடங்கியவை. லண்டனிலும் டொரொண்டோவிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகள் நடக்கின்றன. அங்கே படிக்கிற பிள்ளைக்குத் தமிழில் பேச ஒரு காரணம் வேண்டும், நம் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் பேச ஒரு காரணம் வேண்டும். ஒரு வாரம் அந்த மொழி, ஒரு வாரம் இந்த மொழி என்று வைத்தால் இரண்டு பக்கமும் ஆசிரியர், இரண்டு பக்கமும் மாணவர்.

இன்னொரு இடம் நீலகிரி. 1964இல் இலங்கைப் பிரதமரும் இந்தியப் பிரதமரும் கையெழுத்திட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் எண்ணிப் பிரித்தது. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அப்படி இந்தியாவுக்குப் போனவர்களில் பலர் கூடலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று அங்கே பள்ளியில் படிக்கிறார்கள். நேர வித்தியாசம் இல்லை, மொழித் தடையும் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்கு நான் கொடுத்த வேலை ஒன்றுதான்: வீட்டில் மூத்தவர்களிடம் கேட்டு, கப்பலேறிப் போன உறவு யார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார்கள், கடைசியாக எப்போது கடிதம் வந்தது என்று எழுதி வாருங்கள். முப்பத்தாறு பிள்ளைகளில் இருபத்திரண்டு பேர் எழுதி வந்தார்கள். ஒரு அப்பாயி பெட்டியிலிருந்து நீல நிற வான்கடிதத்தை எடுத்துக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைப் படம் எடுத்து அனுப்பினோம். உறவுகளைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள், அது பிள்ளைகள் தாங்கக்கூடிய பாரமல்ல. ஊர்ப் பெயர்களையும் சொற்களையும் பாட்டுகளையும் ஒப்பிட்டாலே போதும். காமன் கூத்துப் பாட்டு ஒன்று இரண்டு பக்கமும் எவ்வளவு மாறியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், ஒரு தவணை போதாது.

ஆங்கிலத்தில்தான் செய்ய வேண்டுமென்றால் எண்களிலும் படங்களிலும் தொடங்குங்கள். மழை 42 மில்லிமீற்றர் என்பதற்கு இலக்கணம் தேவையில்லை.

துணை வகுப்பை எங்கே தேடுவது?

ஐயேர்னில் ஆசிரியர் கணக்குத் திறந்து திட்டங்களின் பட்டியலைப் பாருங்கள். அங்கே "கற்றல் வட்டம்" என்றொரு முறை உண்டு. ஆறு முதல் எட்டு வகுப்புகள் ஒரு வட்டமாகச் சேரும், ஒவ்வொரு வகுப்பும் ஒரு கேள்வியை முன்வைக்கும், மற்ற எல்லா வகுப்புகளும் அதற்கு எழுதி அனுப்பும், முடிவில் ஒரு தொகுப்பு வரும். சிறு பிள்ளைகளுக்குக் கரடி பொம்மைத் திட்டம். பொம்மையைத் தபாலில் அனுப்பினால், அந்த வகுப்பு பொம்மை எழுதுவதுபோல நாட்குறிப்பு எழுதி அனுப்பும். வெளிநாட்டுத் தபால் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை, ஆனால் தரம் 3 பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் நான் பார்த்ததில்லை.

விஞ்ஞான ஆசிரியர்களுக்கு குளோப் திட்டம். 1994இல் அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது, நாசாவின் ஆதரவில் நடக்கிறது. மழை, வெப்பநிலை, முகில், மண் எல்லாவற்றையும் உலகெங்கும் ஒரே முறையில் அளந்து பதிவதால் ஒப்பிடுவது சுலபம். ஈட்வின்னிங் என்ற பெயரையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 2005இல் ஐரோப்பியப் பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்டது, நமக்கு நேரடியாகப் பயன்படாது.

உண்மையைச் சொன்னால், எங்களுக்குக் கிடைத்த நல்ல துணைகளில் பாதி பழைய மாணவர்கள் மூலம் வந்தவை. கனடாவில் இருக்கிற அக்காவின் பிள்ளை படிக்கிற பள்ளி, கொழும்பில் ஆசிரியராக இருக்கிற சித்தப்பா, இப்படி. கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

முதல் திட்டமாக எதை எடுக்கலாம்?

மழை. நம்மிடம் இல்லாதது பல, மழை நிறைய இருக்கிறது.

பக்கம் நேராக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்து, மேல்பாகத்தை வெட்டி, தலைகீழாகப் புனல்போல உள்ளே வையுங்கள். அடியில் கூழாங்கல் போட்டு, அது மூழ்குகிற உயரத்தில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டிலிருந்து அடிமட்டம் ஒன்றை ஒட்டுங்கள். லயத்துக் கூரையும் மரமும் மறைக்காத இடத்தில் வையுங்கள். ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு அளந்து, கோட்டுக்கு மேல் நிற்கிற தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களமும் 8.30க்குத்தான் அளக்கிறது, அதனால் பேப்பரில் வருகிற எண்ணோடு பிள்ளைகள் தங்கள் எண்ணை ஒப்பிடலாம். 1 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 லீற்றர் தண்ணீர். இதைக் கேட்டதும் ஒரு பையன் தோட்டத்து விளையாட்டு மைதானத்தில் விழுந்த மழையைக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான், நிறுத்தவே முடியவில்லை.

துணை வகுப்பு கடல் கடந்துதான் இருக்க வேண்டும் என்பதில்லை. நாங்கள் முதலில் சேர்ந்தது மலையின் கிழக்குப் பக்கத்தில், பதுளைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றோடு. தென்மேற்குப் பருவத்தில் எங்கள் போத்தல் நிரம்பி வழிந்தபோது அவர்கள் "இன்றும் பூச்சியம்" என்று எழுதி, வறண்ட கச்சான் காற்றில் புழுதி பறக்கிற படத்தை அனுப்பினார்கள். டிசம்பரில் நிலைமை தலைகீழ். மலை மழையை மறிக்கிறது என்று பாடப்புத்தகத்தில் இருக்கிற ஒரு வரியை இரண்டு வகுப்புகள் சேர்ந்து ஆறு மாதத்தில் கண்டுபிடித்தன. அதற்குப் பிறகுதான் ஜப்பானில் தேயிலை வளர்கிற பகுதி ஒன்றின் வகுப்பையும் சேர்த்துக்கொண்டோம்.

மழை அளப்பதற்கு நம் பகுதியில் வேறொரு அர்த்தமும் இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மழை அளவை வைத்தும் விடுக்கிறது: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். எங்கள் போத்தலில் இந்த மூன்று அளவுக்கும் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு நாடா ஒட்டியிருக்கிறோம். போத்தல் அதிகாரபூர்வமான கருவி இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஆனால் தாய்மார் காலையில் பிரட்டுக்கு (வேலைக்குப் பெயர் கொடுக்கிற இடத்துக்கு) போகிற வழியில் நின்று "இன்னைக்கு எவ்வளவு?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

கணிதத்துக்குப் பொருத்தமானது எது?

நிழல். ஏறத்தாழ 2,200 வருடங்களுக்கு முன் எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தின் இரண்டு ஊர்களில் நண்பகல் நிழலை ஒப்பிட்டுப் பூமியின் சுற்றளவைக் கணித்தார். அதை இரண்டு வகுப்புகள் திரும்பச் செய்யலாம்.

மார்ச் 20 அல்லது 21. ஒரு மீற்றர்க் கம்பைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குட்டையாக இருக்கிற நேரத்தில் அளக்க வேண்டும். நம் பக்கத்தில் அது ஏறக்குறைய 12.15. எங்களுக்கு நிழல் 12 சென்ரிமீற்றர். லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தோட்டத்தில் அளந்தபோது 125 சென்ரிமீற்றர், கம்பை விட நிழல் நீளம்! எங்கள் பிள்ளைகள் முதலில் நம்பவில்லை, படம் கேட்டார்கள். பிறகு அளவிடைப் படம் வரைந்து, கம்புக்கும் சூரியக் கதிருக்கும் இடையிலான கோணத்தைப் பாகைமானியால் அளந்தால் இங்கே 7 பாகை, அங்கே 51. வித்தியாசம் 44. அட்லஸில் வடக்குத் தெற்காக அளந்த தூரம் ஏறத்தாழ 4,900 கிலோமீற்றர். 44 பாகைக்கு 4,900 என்றால் 360க்கு எவ்வளவு? 40,000ஐ ஒட்டி விடை வந்ததும் வகுப்பில் கைதட்டல். மூட்டம் இறங்கி நிழலே விழாமல் போகலாம், ஆகவே முன்பின்னாக மூன்று நாட்கள் ஒதுக்கிவையுங்கள்.

வெளிநாட்டு வகுப்பு "கொழுந்து பறிக்கும் படம் அனுப்புங்கள்" என்று கேட்கிறது. அனுப்பலாமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும். கூடையோடு சிரிக்கிற அம்மாவின் படம் தேயிலைப் பெட்டியில் ஏற்கெனவே இருக்கிறது. அதே படத்தை நம் பிள்ளைகளும் அனுப்பினால் அவர்கள் புதிதாக எதைத் தெரிந்துகொள்வார்கள்? ஒரு முறை நான் யோசிக்காமல் "உங்கள் வீட்டைப் பற்றி எழுதுங்கள்" என்று சொல்லிவிட்டேன். நன்றாக எழுதுகிற ஒரு பிள்ளை, அம்மா "வேலை செய்கிறார்" என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிட்டாள். என்ன வேலை என்று எழுதவில்லை. பிழை அவளுடையதல்ல, நான் கேட்ட விதத்தில்தான் பிழை.

அடுத்த வாரம் கேள்வியை மாற்றினோம். ஒரு நாள் கொழுந்து எத்தனை கோப்பைத் தேநீர்? பிள்ளைகள் வீட்டில் கேட்டு வந்தார்கள். அந்தப் பிள்ளையின் அம்மா அன்று நிறுத்தது 18 கிலோ. ஒரு கிலோ தேயிலைக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பதை ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) வேலை செய்கிற ஒரு அப்பா சொன்னார். ஆகவே 4 கிலோ தேயிலை. இங்கிலாந்தில் துணை வகுப்புப் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தேநீர்ப் பைகளை நிறுத்துப் பார்த்தார்கள்: ஒரு பையில் சுமார் 2 கிராம். அப்படியென்றால் ஓர் அம்மாவின் ஒரு நாள் வேலை 2,000 தேநீர்ப் பைகள். அவர்கள் கடையில் பெட்டியின் விலையைப் பார்த்து அனுப்பினார்கள், நம் பிள்ளைகள் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் வேலைக்கு, கிடைக்கிற சம்பளத்தை எழுதினார்கள். இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு வகுப்புகளும் பார்த்தன. யாரும் யாருக்காகவும் பரிதாபப்படவில்லை. அங்கிருந்து வந்த கேள்விகள் எல்லாம் நல்ல கேள்விகள்: நடுவில் யார் யார் இருக்கிறார்கள்? மழை நாளில் எவ்வளவு நிறுக்கும்? இரண்டு இலையும் ஒரு மொட்டும் ஏன்? கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல அந்தப் பிள்ளை தன் அம்மாவிடம் கேட்டு ஒன்றரை நிமிடம் குரல்பதிவு பேசினாள். "எங்க அம்மா சொன்னாங்க" என்றுதான் தொடங்கினாள்.

ஆகவே அனுப்பலாம். எதை எடுப்பது, எதைச் சொல்வது என்று நம் பிள்ளைகள் தீர்மானித்த படமாக இருக்கட்டும்.

"பிள்ளை படம் எல்லாம் வெளிநாட்டுக்குப் போகுதாமே, டீச்சர்?"

நியாயமான பயம். எங்கள் விதிகள் இவை: முகம் தெரிகிற படம் பெற்றோர் கையெழுத்து இல்லாமல் போகாது. முழுப் பெயர், லயத்து இலக்கம், போன் நம்பர் எப்போதும் போகாது, முதல் பெயர் போதும். பிள்ளைகள் தனித்தனியாக நம்பர் பரிமாறிக்கொள்ளக்கூடாது. எல்லாம் இரண்டு ஆசிரியர்கள் வழியாகத்தான். முகநூலில் எதையும் போடுவதில்லை. மறுபக்கத்து ஆசிரியரும் இதே விதிகளை ஏற்றுக்கொள்கிறாரா என்று முதல் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். கையெழுத்து வாங்கும்போது தாளை நீட்டி இடத்தைக் காட்டாதீர்கள். அம்மாவை உட்காரவைத்து, போன வருடம் என்ன அனுப்பினோம் என்று காட்டுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளை வரைந்து அனுப்பட்டும்.

நேர வித்தியாசம், தவணை வித்தியாசம்?

வெள்ளிக்கிழமைத் தபாலுக்கு நேரம் பிரச்சினையே இல்லை. நேரடியாகப் பேச மலேசியா (நம்மை விட இரண்டரை மணித்தியாலம் முன்), ஜப்பான் (மூன்றரை முன்), கென்யா (இரண்டரை பின்) வசதி. பிரித்தானியாவில் காலை ஒன்பது என்றால் நமக்குக் கோடைகாலத்தில் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை, பாடசாலை விட்டுவிடும். டொரொண்டோவோடு நேரடி அழைப்பு வேண்டாம்.

பிரித்தானியா, கனடா போன்ற நாடுகளில் கல்வியாண்டு செப்டெம்பரில் தொடங்கும், நமக்கு வழமையாக ஜனவரி. இரண்டு பக்கமும் வகுப்பு நடக்கிற ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம்.

பாடத்திட்டம் முடியாதே? சா/த (சாதாரண தர) பரீட்சை இருக்கிறதே?

தரம் 10, 11ஐத் தொடாதீர்கள். தரம் 6 முதல் 9 வரை செய்யுங்கள். புதிய பாடமாகச் சேர்க்காமல், எப்படியும் படிப்பிக்க வேண்டிய அலகை இந்த வழியில் படிப்பியுங்கள். மேலே சொன்ன நிழல், கோணமும் விகிதமும்தானே. அதிபரிடம் அனுமதி கேட்கும்போதும் அந்த அலகின் பெயரை எழுதியே கேளுங்கள்.

மறுபக்கம் பதில் எழுதாமல் விட்டுவிட்டால்?

நடக்கும். எங்களுக்கு இரண்டு முறை நடந்தது. ஒரு முறை பிள்ளைகள் ஐந்து வாரம் தபாலைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஆசிரியர் மாறிப் போயிருக்கலாம், நோயாக இருந்திருக்கலாம். இப்போது நான் எப்போதும் இரண்டு வகுப்புகளோடு தொடங்குகிறேன். திட்டத்தை எட்டு வாரத்துக்கு மேல் நீட்டுவதில்லை. தொடங்குமுன் ஆசிரியரோடு மட்டும் இரண்டு மூன்று கடிதம் எழுதிப் பார்க்கிறேன். அப்போதே பதில் தாமதமானால் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. பதில் வராமல் போன விஷயத்தைப் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். "நாம் எழுதியதில் பிழையா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இல்லை என்று நேராகச் சொல்ல ஆள் வேண்டும்.

முடிந்த பிறகு எல்லாவற்றையும் என்ன செய்வது?

போட்டோப்பிரதி எடுத்து, நூலால் தைத்து, அட்டை போட்டுப் புத்தகமாக்குங்கள். ஒன்று பாடசாலை நூலகத்துக்கு, ஒன்று துணை வகுப்புக்கு. மூன்றாவது பிரதியை நாங்கள் தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தில் வைக்கிறோம், பின்னேரம் குழந்தையைக் கூட்டிப்போக வருகிற அம்மாமார் அங்கே உட்கார்ந்து புரட்டிப் பார்க்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவர்களுக்கு அவர்களுடைய பிள்ளைகளே வாசித்துக் காட்டுகிறார்கள்.